குலைக்குச் சங்கிலி, நாருக்குக் காற்று

பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் நம்மில் பலர் கால் வைப்பது ஒரு கன்வேயரில்தான். மின்படிக்கட்டு என்று பெயர் சொல்கிறோமே தவிர, ஓயாமல் சுற்றும் சங்கிலியில் ஆட்களை ஏற்றி மேலே கொண்டுபோய் இறக்கும் கன்வேயர்தான் அது. அதன் சரிவு வழக்கமாக 30 பாகை இருக்கும். பேரங்காடியில் தள்ளுவண்டியோடு ஏறுவோமே, படியில்லாத நகரும் பாதை, அதன் சரிவு 12 பாகை அளவில்தான் இருக்கும். 30 பாகையில் தட்டையான பட்டையைப் போட்டால் யாரும் அதில் நிலையாக நிற்க முடியாது. அதனால்தான் செங்குத்தாக ஏற வேண்டிய இடத்தில் படி வைக்கிறார்கள்.

ஆலைகளில் சரக்கை ஏற்றும் கன்வேயருக்கும் இதே சிக்கல் உண்டு. 'எந்தக் கன்வேயர் நல்லது?' என்று பொதுவாகக் கேட்டால் பொறியாளரால் பதில் சொல்ல முடியாது. 'எதை ஏற்றப் போகிறீர்கள்?' என்றுதான் அவர் திருப்பிக் கேட்பார். இதை நன்றாகப் புரிந்துகொள்ள நம் பக்கத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. கிள்ளானிலிருந்து பந்திங் போகும் வழியில், தெலுக் பங்லிமா காராங்கை ஒட்டிய பாலத்தைக் கடந்தால் கேரித் தீவு. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்பனைத் தோட்டம், நடுவே எண்ணெய் ஆலை.

மலேசியாவில் வாணிப நோக்கில் செம்பனை முதலில் பயிரானது 1917-இல், கோலசிலாங்கூர் வட்டாரத்தில் உள்ள தென்னமரம் தோட்டத்தில். பெயரே தமிழ். அந்தக் காலத்தில் குலைகளைத் தோளில் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள். இன்று ஆலைக்குள் அந்தச் சுமையைத் தூக்குவது ஒரே ஓர் இயந்திரம் இல்லை. நாலைந்து வகைக் கன்வேயர்கள். ஏன் அத்தனை வகை?

லாரி கொட்டும் பச்சைக் குலையிலிருந்து தொடங்குவோம். ஒரு குலை 10 முதல் 25 கிலோ வரை இருக்கும், முள்ளும் உண்டு. இதைத் திருகு கன்வேயரில் போட முடியாது, சிக்கிக்கொள்ளும். அதைவிட முக்கியமான காரணம் வேதியியலில் இருக்கிறது. செம்பனைப் பழத்தில் லைபேஸ் என்னும் நொதி உண்டு. பழம் அடிபட்டு நசுங்கினால் அந்த நொதி எண்ணெயோடு கலந்து, அதை உடைத்துக் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துவிடும். கச்சா எண்ணெயில் இப்படிப் பிரிந்த அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது வணிகத்தில் வழக்கமாக உள்ள வரம்பு. தாண்டினால் விலை போய்விடும். ஆகவே பச்சைக் குலைக்கு வேகம் குறைந்த, அகலமான சங்கிலிக் கன்வேயர் போடுகிறார்கள். இரும்புத் தொட்டியின் அடியில் ஓடும் சங்கிலிகளில் குறுக்குச் சட்டங்கள் பொருத்தியிருப்பார்கள். அவை குலைகளை மெல்ல இழுத்துச் செல்லும். ஒரு கன்வேயரிலிருந்து இன்னொன்றுக்குக் குலை விழும் இடங்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பழைய ஆலைகளில் தண்டவாளத்தில் ஓடும் கூண்டு வண்டிகள்தான் இந்த வேலையைச் செய்தன. ஒருமுறை கூண்டில் ஏற்றினால் வேகும் வரை குலையைத் தொட வேண்டியதில்லை என்பது அவற்றின் சிறப்பு.

அடுத்து, குலைகளைச் சுமார் 140 டிகிரி செல்சியஸ் நீராவியில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வேக வைக்கிறார்கள். நொதி செத்துவிடும். அதன்பின் பழம் நசுங்கினால் நட்டமில்லை. எப்படியும் பிழியத்தான் போகிறார்கள். இங்கேதான் கன்வேயர் மாறுகிறது. சுழலும் பெரிய உருளையில் குலையிலிருந்து பழங்கள் உதிர்ந்ததும், திருகு கன்வேயர் அவற்றைத் தள்ளிக்கொண்டு போகும். இறைச்சி அரைக்கும் கை இயந்திரத்துக்குள் இருக்கும் திருகின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடிய தொட்டிக்குள் வேலை செய்வதால் சூடும் எண்ணெயும் வெளியே சிந்தாது.

பிழியும் இயந்திரத்துக்கு மேலே பழத்தை ஏற்ற வேண்டும். உயரம் 15 மீட்டர் என்று வைப்போம். 18 பாகைச் சரிவில் பட்டையைப் போட்டால் அது ஏறக்குறைய 49 மீட்டர் நீளம் வேண்டும். (15-ஐ சைன் 18-ஆல் வகுத்துப் பாருங்கள்.) நெருக்கமான ஆலைக்குள் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? ஆகவே சங்கிலியில் வாளிகளைக் கோத்து நேர் மேலே ஏற்றுகிறார்கள். ஈயம் எடுத்த காலத்து மண்வாரிக் கப்பலிலும் இதே வாளிச் சங்கிலிதான். பேராவில் பத்து காஜா அருகே காட்சிக்கு வைத்திருக்கும், 1938-இல் கட்டப்பட்ட கப்பலைச் சுற்றுலாவில் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

சில இடங்களில் ரப்பர் பட்டையும் ஓடுகிறது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் நாட்டுக்குப் பேர் வாங்கித் தந்த இயற்கை ரப்பர், நம் நாட்டுக்குப் பேர் வாங்கித் தந்த செம்பனை எண்ணெயோடு ஒத்துப்போகாது. எண்ணெய் ஊறினால் ரப்பர் உப்பி, மென்மையாகி, வலுவிழக்கும். அதனால் எண்ணெய் படும் இடத்துக்கு நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பர் பட்டையைத்தான் வாங்க வேண்டும். மருத்துவமனையில் தாதியர் அணியும் நீலக் கையுறையில் இருப்பதும் நைட்ரைல்தான். விலையை மட்டும் பார்த்துச் சாதாரணப் பட்டையை வாங்குபவர் சீக்கிரமே இன்னொன்று வாங்க நேரிடும்.

பிழிந்தபின் மிஞ்சுவது நாரும் கொட்டையும் கலந்த ஈரமான கட்டி. அதை நகர்த்தும் கன்வேயரில் துடுப்பு போன்ற தகடுகள் இருக்கும். போகும் வழியிலேயே கட்டியை உடைத்து உலர்த்திவிடும். நகர்த்துவது பாதி வேலை, உடைப்பது மீதி. அடுத்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. செங்குத்தான குழாயில் மேல்நோக்கிக் காற்று வீசுகிறது. எடை குறைந்த நார் காற்றோடு மேலே பறந்துவிடும். கனமான கொட்டை கீழே விழும். முறத்தில் புடைக்கும் பாட்டியின் வேலையை அந்தக் குழாய் செய்கிறது. அங்கே பட்டையும் இல்லை, சங்கிலியும் இல்லை, காற்றே கன்வேயர்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் காற்றிலேயே ஏற்றலாமே என்று கேட்பீர்கள். மின்கட்டணம் இடம் தராது. ஒரு கணக்குப் போடுவோம். மணிக்கு 36 டன் என்றால் நொடிக்கு 10 கிலோ. அதை 15 மீட்டர் உயர்த்தத் தேவையான திறன் 10 × 9.8 × 15, அதாவது 1,470 வாட். வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்கெட்டில் பலவும் இதைவிட அதிகம் இழுக்கும்! உண்மையில் வைக்கும் மோட்டார் இதைவிடப் பெரியது. உராய்வை வெல்ல வேண்டும். பாரத்தோடு நின்றுபோன கன்வேயரை மறுபடி கிளப்பவும் வேண்டும். காற்றில் அனுப்பினாலோ செலவு பலமடங்கு ஏறும். நாரைப் போல் எடை குறைந்த பொருளுக்கு அது தகும், குலைக்குத் தகாது.

அளவையும் பார்க்க வேண்டும். நாளைக்குச் சில டன் மட்டும் நகர்த்தும் சிறு பண்ணைக்கு மோட்டாரே வேண்டாம். கொஞ்சம் சரிவாக வைத்த உருளைத் தட்டில் பெட்டிகள் தாமாக இறங்கி வரும். புவியீர்ப்புக்கு மின்கட்டணம் கிடையாது.

விற்பனைப் பட்டியலில் பெரிய எழுத்தில் வராத கேள்வி ஒன்று உண்டு: சுத்தம் செய்பவரின் கை எங்கே போகும்? பட்டையும் உருளையும் சேரும் இடம் எதையும் உள்ளே இழுத்துவிடும். பட்டை நொடிக்கு 1 மீட்டர் ஓடுகிறது என்று கொள்வோம். ஆபத்தைக் கண்டு உடல் அசையத் தொடங்கவே கால் நொடி ஆகும். அதற்குள் பட்டை 25 சென்டிமீட்டர் போய்விடும். விரலிலிருந்து மணிக்கட்டைத் தாண்டிய தூரம் அது. சுறுசுறுப்பான ஆளாக இருந்தாலும் தப்ப முடியாது. அதனால்தான் கம்பித் தடுப்பும், எங்கிருந்து இழுத்தாலும் இயந்திரத்தை நிறுத்தும் கயிறும் வைக்கிறார்கள். திருகு கன்வேயர் இன்னும் மோசம். மூடியைத் திறக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் தொழிலாளி கையை வைக்க வேண்டும். நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொழிலாளரைக் காக்கும் பொறுப்பை முதலாளி மீது வைக்கிறது. ஆகவே விலை குறைவு என்று தடுப்பில்லாத கன்வேயரை வாங்கும் முதலாளி, அதற்கான விலையை வேறொருவர் விரலில் கட்டுகிறார்.

பிரிந்த நாரும் உடைத்த கொட்டையின் ஓடும் எங்கே போகின்றன? எரிபொருள் கன்வேயர் வழியாகக் கொதிகலனுக்கு. அங்கே எரிந்து உண்டாகும் நீராவி குலையை வேக வைக்கிறது. டர்பைனைச் சுழற்றி மின்சாரமும் தருகிறது. அந்த மின்சாரத்தில்தான் மற்ற எல்லாக் கன்வேயர்களும் ஓடுகின்றன. எரிபொருள் கன்வேயரின் சங்கிலி அறுந்தால் சற்று நேரத்தில் நீராவி குறையும், ஆலை முழுவதும் தளரும். பிறகு டீசல் ஜெனரேட்டரைக் கிளப்பித்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.