தூரம் ஒன்று, நேரம் இரண்டு: ஏன்?

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடைத்தூரம் சுமார் 5,540 கிலோமீட்டர் என்பது போகையிலும் வருகையிலும் மாறாதிருக்க, மேற்கே செல்லும் விமானம் ஏறக்குறைய எட்டு மணி நேரமும், கிழக்கே திரும்பும் விமானம் அதைவிட ஒரு மணி நேரம் குறைவாகவும் பிரயாணம் செய்வது ஏன்? பூமியின் சுழற்சியே நேர்க்காரணம் என்பார் வாதம் நில்லாது. வாயுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. மெய்க்காரணம், துருவத்தின் குளிருக்கும் பூமத்திய ரேகைப் பிரதேசத்தின் உஷ்ணத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பிறந்து, அச்சுழற்சியால் கிழக்கு நோக்கித் திருப்பப்பட்டு, சுமார் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், விமானங்கள் பறக்கும் மட்டத்திலேயே, நதியெனப் பெருகியோடும் காற்றோட்டமாகும். அது உக்கிரங்கொண்ட 2020 பிப்ரவரியில், நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட ஜம்போ விமானமொன்று 4 மணி 56 நிமிஷத்தில் லண்டனை அடைந்தது, எத்தகைய ஆச்சரியம்! தரையை நோக்க அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைக் கடந்தபோதும், தன்னைச் சூழ்ந்த காற்றை நோக்க அது வழக்கமான வேகத்திலேயே பறந்துகொண்டிருந்தது.