பொது விளம்பரமும் விவசாயியின் பங்கும்

விளைபொருளை உண்டாக்குவது ஒரு வேலை. அதற்கு வாங்குவோரைத் தேடுவது மற்றொரு வேலை. ஆலைக்காரர் தமது துணியில் முத்திரை பதித்து, அதன் பெயரால் விளம்பரம் செய்யலாம். பால் கறக்கும் குடியானவருக்கு அவ்வழி இல்லை. அவருடைய பால் அண்டை வீட்டார் பாலுடன் ஒரே பாத்திரத்தில் கலந்துவிடுகிறது. பால் அருந்துமாறு ஜனங்களுக்குச் சொல்ல அவர் ஒருவரே பணம் செலவிட்டால், பலன் எல்லோருக்கும் போகும். செலவு மட்டும் அவரைச் சேரும். ஆகவே எவரும் முன்வருவதில்லை.

இக்குறையை நீக்க அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு பொருளை உற்பத்தி செய்வோர் அனைவரிடமும் சிறு தொகை பிடித்து, தனி ஒருவர் பெயரையும் கூறாமல், அப்பொருளையே விளம்பரம் செய்கிறார்கள். 1983-ம் வருஷத்துச் சட்டப்படி 100 ராத்தல் பாலுக்கு 15 சென்ட் பிடிக்கப்படுகிறது. அதில் 10 சென்ட் வரையில் அந்தந்தப் பிரதேசத்துப் பிரசார ஸ்தாபனங்களுக்குச் செல்லலாம். 1985-ம் வருஷத்துச் சட்டப்படி, இறைச்சிப் பிரசாரத்திற்காக, விற்கப்படும் ஒவ்வொரு மாட்டிற்கும் 1 டாலர் செலுத்த வேண்டும். கொடாதவரும் பலனடைவார் என்பதாலேயே, இத்தொகை விருப்பத்திற்கு விடப்படாமல் கட்டாயமாக்கப்பட்டது.

கட்டாயம் என்றவுடன் வழக்குகளும் எழுந்தன. கலிபோர்னியாவில் பீச் முதலிய பழங்களைப் பயிரிட்டோர், தாம் விரும்பாத விளம்பரத்திற்குத் தம் பணத்தை எடுக்கலாகாது என்று வாதித்தனர். 1997-ல் ஸுப்ரீம் கோர்ட் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவர்கள் விற்பனை முழுவதிலும் பொது விதிகளுக்கு உட்பட்டவர்கள். விளம்பரம் அதில் ஓர் அங்கமே என்று கோர்ட் கருதிற்று. 2001-ல் காளான் வழக்கு வந்தது. தமது காளானே மேலானது என்று சொல்ல விரும்பிய ஒரு கம்பெனி, எல்லாக் காளானும் நன்று என்னும் பிரசாரத்திற்குப் பணம் தர மறுத்தது. அங்கே கூட்டு விற்பனை விதிகள் இல்லை. விளம்பரத்திற்காகவே பணம் பிடிக்கப்பட்டது. எனவே அக்கம்பெனி வென்றது. 2005-ல் மாட்டு வரி வழக்கில், அவ்விளம்பரம் சர்க்காரின் சொந்தப் பேச்சு என்று கூறி, கோர்ட் வரியை நிலைநிறுத்தியது.

விளம்பரத்தின் சக்திக்கும் எல்லை உண்டு. 1993-ல் கலிபோர்னியாவில் பால் பதனிடுவோர் தம் செலவில் ஒரு விளம்பரம் தொடங்கினர். வாய் நிறையப் பலகாரத்துடன், குடிக்கப் பால் இன்றித் திண்டாடுபவரை அது காட்டிற்று. அது நாடெங்கும் புகழ் பெற்றது. எனினும் ஆள் ஒன்றுக்குக் குடிக்கும் பாலின் அளவு அந்நாட்டில் தொடர்ந்து குறைந்தே வந்தது. மேலும், தேவை பெருகி விலை ஏறினாலும், அதைக் கண்டு யாவரும் உற்பத்தியைப் பெருக்கினால் விலை மீண்டும் இறங்கும். விளம்பரத்தால் வரும் ஆதாயம் நிலையானது என்று எண்ணலாகாது.

இவற்றிலிருந்து கூட்டுறவு அங்கத்தினர்கள் அறியத்தக்கது யாது? சேர்ந்து விற்பவர்கள் சேர்ந்து செலவு செய்வது நியாயம். ஆனால் பணம் பொதுவாயிருந்தால் அதிகாரமும் பொதுவாயிருக்க வேண்டும். மாட்டு வரியை நீடிக்கலாமா என்று 1988-ல் உற்பத்தியாளரிடம் வாக்கு எடுக்கப்பட்டது, பெரும்பான்மையோர் சம்மதித்தனர். அவர்களில் 100-க்கு 10 பேர் கோரினால் மீண்டும் வாக்கெடுப்பு நடத்தவும் சட்டத்தில் இடமுண்டு.

ஆகையால் எந்தச் சங்கத்திலாவது இத்தகைய பிடித்தம் யோசனைக்கு வருமாயின், அங்கத்தினர்கள் மூன்று கேள்விகள் கேட்பது நலம். தொகையை நிர்ணயிப்பவர் யார்? அது செலவான விவரம் வருஷந்தோறும் மகாசபை முன் வைக்கப்படுமா? பயனில்லை என்று கண்டால் அதை நிறுத்தும் உரிமை செலுத்துவோருக்கு உண்டா? மூன்றுக்கும் தக்க விடை கிடைத்தால் சிறு காசும் வித்தாகும். கிடையாவிடில் அது குடியானவர் தலையில் ஏறிய மற்றொரு வரியே ஆகும்.