அடங்காப் பிள்ளையா? அடங்க இயலாப் பிள்ளையா?

கல்லூரிப் பணிக்கு வருமுன் சில ஆண்டுகள் பள்ளியொன்றில் தமிழ் கற்பித்து வந்தேன். அக்காலத்தில் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனை வாரத்தில் மூன்று நாளேனும் வகுப்பிற்கு வெளியே நிறுத்தியிருப்பேன். செய்யுளை இருமுறை கேட்டால் ஒப்புவித்துவிடுவான். எழுதச் சொன்னாலோ இரண்டாம் அடியிலேயே பேனா நின்றுவிடும்; கண் சன்னலுக்குப் போகும்; கால் பக்கத்துப் பையன் பையை உதைக்கும். வினாவைக் கேட்டு முடிக்குமுன் விடையைக் கூவுவான். "கால் தரையில் பாவாத பிள்ளை" என்பார் அவன் பாட்டி. "வேண்டுமென்றே செய்கிறான்" என்பது என் தீர்ப்பு. அது பிழைபட்ட தீர்ப்பு என்று நான் அறிந்துகொண்டபோது அவன் படிப்பை விட்டு நெடுநாள் ஆகியிருந்தது.

மருத்துவ உலகமும் இதே பிழையைச் சற்று நாகரிகமாகச் செய்ததுண்டு. 1902ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், அறிவில் குறையில்லாதிருந்தும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள இயலாத சிறுவர்களைப் பற்றி விரிவுரையாற்றினார். காரணம் உடலில் இருக்கலாம் என்று அவர் கருதினார். ஆயினும் 'அறக் கட்டுப்பாட்டுக் குறை' என்ற பெயரையே சூட்டினார். பெயரிலேயே பழி ஏறிவிட்டது. 1968இல் அமெரிக்க உளமருத்துவர் கையேடு இதனைக் குழந்தைப் பருவ மிகையியக்கம் என்றது. 1980இல் கவனக்குறை முன்னிடம் பெற்றது. 1987இல் கவனக்குறை மிகையியக்கக் கோளாறு என்ற இன்றைய பெயர் வந்தது.

இடையில் 1937இல் நிகழ்ந்தது வியப்பிற்குரியது. அமெரிக்காவின் ராட் ஐலண்டு மாநிலத்தில் சிறுவர் மருத்துவமனை ஒன்றை நடத்திய சார்லஸ் பிராட்லி, தம்மிடமிருந்த பிள்ளைகளுக்கு பென்சிட்ரின் என்னும் ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். ஓய்வறியாப் பிள்ளைகளுக்கு ஊக்க மருந்தா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவர்களுள் பலர் அமைதியுற்றனர். பள்ளிப் பாடத்தில் மனம் செலுத்தினர்.

இப்புதிருக்கு விடை மூளையின் முன்பகுதியில் இருக்கிறது. எழும் எண்ணத்தைத் தடுத்து நிறுத்துவதும், செய்வதன் விளைவை முன்னரே எண்ணுவதும், சலிப்பூட்டும் வேலையில் கவனத்தைப் பிடித்து வைப்பதும் அப்பகுதியின் பணிகள். டோபமின், நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருள்கள் அங்குச் செய்தி கடத்துகின்றன. இப்பிள்ளைகளிடம் அக்கடத்தல் சீராக நடைபெறுவதில்லை. குதிரைக்கு வலிமை மிகுந்துவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் தளர்ந்திருப்பது கடிவாளம். இன்று வழங்கப்படும் மெத்தில்பெனிடேட் அக்கடிவாளத்தையே இறுக்குகிறது. 2007இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தார் வெளியிட்ட ஆய்வு மற்றோர் உண்மையைக் காட்டிற்று. மூளைப் புறணி தடித்து உச்சம் எய்தும் வயது ஏனைய பிள்ளைகளுக்கு ஏறத்தாழ ஏழரை, இவர்களுக்குப் பத்தரை. வளர்ச்சியின் வரிசை மாறவில்லை, காலந்தான் தாழ்ந்தது.

துறுதுறுப்பான பிள்ளையெல்லாம் நோயாளி என்று கொண்டுவிடலாகாது. மூன்று வயதில் ஓடாத பிள்ளைக்குத்தான் கவலைப்பட வேண்டும்! ஆறு மாதமேனும் நீடித்திருத்தல், பன்னிரண்டு வயதிற்கு முன்பே தோன்றியிருத்தல், வீடு, பள்ளி என இரண்டிடங்களிலேனும் காணப்படுதல், வாழ்க்கைக்கு இடையூறாதல் ஆகிய அனைத்தும் பொருந்தினால்தான் மருத்துவர் இப்பெயரைச் சொல்வார். அதற்கு முன் கண், செவி, உறக்கம், தைராய்டு ஆகியவற்றைப் பார்ப்பதும் உண்டு. வீட்டில் ஓயாச் சண்டை நடந்தாலும் பிள்ளையின் கவனம் சிதறும். வகுப்பிலேயே வயதில் இளைய பிள்ளையை அதன் இளமை காரணமாகவே இக்கோளாறுடையது என்று தவறாக முத்திரையிடுவதும் பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது.

மறுபுறம், ஓடாத பிள்ளைகளிடமும் இது உண்டு. கவனக்குறை மட்டும் உடைய பெண் பிள்ளை யாருக்கும் தொல்லை தராள். சன்னலைப் பார்த்தபடி அமர்ந்திருப்பாள். அவளுக்கு 'மந்தம்' என்ற பெயர் விழுந்துவிடும். ஆண் பிள்ளைகளே மிகுதியாகக் கண்டறியப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வளர்ப்புச் சரியில்லை என்று தாயைக் குறை கூறுவது நம்மிடையே எளிதில் நடக்கிறது. இரட்டையரை ஆராய்ந்தோர், இக்கோளாற்றில் மரபின் பங்கு நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் என்கின்றனர். "நானும் சிறு வயதில் இப்படித்தான்" என்று தந்தை சிரித்துக்கொண்டு சொல்வது வெறும் சமாதானமன்று. மருத்துவருக்கு அது ஒரு தடயம். குறைமாதப் பிறப்பு, ஈய நஞ்சு ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. சர்க்கரைதான் காரணம் என்ற நம்பிக்கையை 1995இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஆதரிக்கவில்லை.

பிரம்பு இங்குப் பயன்படாது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளை அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துள்ளது என்பது ஒருபுறமிருக்க, மாலையில் கிடைக்கும் தண்டனை காலையில் செய்ததை இப்பிள்ளையின் மனத்தில் தடுப்பதில்லை. உடனுக்குடன் கிடைக்கும் சிறு பாராட்டு தடுக்கிறது. முன் வரிசையில் அமர்த்துதல், ஒரு நேரத்தில் ஒரே கட்டளை இடுதல், பத்துக் கணக்கை ஐந்தைந்தாகப் பிரித்துத் தருதல், வருகைப் பதிவேட்டை அலுவலகத்திற்குக் கொண்டுபோகச் சொல்லி எழுந்து நடக்க வாய்ப்பளித்தல் ஆகியவை செலவில்லா மருந்துகள். நான் அம்மாணவனை வெளியே நிறுத்தியதற்கு மாற்றாக அவனைச் சுண்ணக்கட்டி எடுத்துவர அனுப்பியிருக்கலாம்.

ஆறு வயதிற்குட்பட்டோர்க்குப் பெற்றோருக்கான பயிற்சியே முதல் வைத்தியம். அதற்கு மேற்பட்டோர்க்கு மருந்தும் நடத்தைப் பயிற்சியும் சேர்ந்து உதவுகின்றன. மருந்து பசியையும் உறக்கத்தையும் குறைக்கக்கூடும்; ஆதலின் எடை, உயரம், நாடித்துடிப்பு ஆகியவற்றை மருத்துவர் பார்த்துவருதல் வேண்டும். பலரிடம் இக்கோளாறு வளர்ந்தபின்பும் தொடர்கிறது. தேர்வுக்கு முந்தைய இரவு வரை நூலைத் திறக்க இயலாது தவிக்கும் கல்லூரி மாணவருள்ளும் இத்தகையோர் சிலர் இருத்தல் கூடும்.

மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளும் இத்தகைய பிள்ளைகளைப் பார்க்கின்றன. செல்லும்போது வகுப்பாசிரியர் இரண்டு வாரம் கண்டு எழுதிய குறிப்பை உடன் கொண்டுசெல்லுதல் நலம். புதிய இடத்தில், புதியவர் ஒருவர் எதிரில், இப்பிள்ளை பெரும்பாலும் கால் மணி நேரம் அடங்கி உட்கார்ந்திருக்கும். மருத்துவர் கண்ணுக்கு எதுவுமே புலப்படாமற் போகலாம்.