பழுதுபார்க்கத் தக்க மின்வாகனங்கள்: அந்தமான் தீவுகளின் தேவை

வங்கக் கடலின் தென்கிழக்கே அமைந்துள்ள அந்தமான் நிக்கோபார் ஒன்றியப் பகுதி 836 தீவுகளையும் தீவுத்திட்டுகளையும் பாறைகளையும் கொண்டது. இவற்றுள் மக்கள் வாழ்பவை ஏறத்தாழ முப்பது மட்டுமே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் 3,80,581 பேர். 2024ஆம் ஆண்டு வரை போர்ட் பிளேர் என வழங்கிய தலைநகர் ஸ்ரீ விஜயபுரம், சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளது. பயணிகள் கப்பல் இத்தொலைவைக் கடக்க மூன்று நாள் வரை ஆகிறது. தொழிற்சாலைப் பொருள்களும் அவற்றின் உதிரிப் பாகங்களும் பெரும்பாலும் கடல் கடந்தே வந்து சேர வேண்டும்.

இத்தகைய இடத்தில் ஒரு பொருளின் ஆயுளை அதன் உலோகத்தின் உறுதி மட்டும் தீர்மானிப்பதில்லை. பயன்படும் இடத்திலேயே அதனைப் பழுதுபார்க்க இயலுமா என்பதும் தீர்மானிக்கிறது. மின்வாகனங்கள் தீவுகளிலும் இடம்பெறத் தொடங்கியுள்ள இந்நாளில் இது தனிக் கவனத்துக்கு உரியது.

நெடுநாள் உழைத்த பொருள்கள்

ஸ்ரீ விஜயபுரத்தை அடுத்த சாத்தம் தீவில் 1883ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அரசு மர அறுவை ஆலை, ஆசியாவின் மிகப் பழைய அறுவை ஆலைகளுள் ஒன்று. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் சேதமுற்ற அது, போருக்குப் பின் மீண்டும் இயங்கியது. அக்கால இயந்திரங்களின் உறுப்புகள் பெரும்பாலும் மரையாணிகளால் இணைக்கப்பட்டவை. அவற்றைக் கழற்றலாம், தேய்ந்ததை மட்டும் மாற்றலாம், தேவையாயின் உள்ளூர்ப் பட்டறையிலேயே கடைந்தெடுக்கலாம். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதி முதல் 2014 வரை உற்பத்தியான அம்பாசிடர் காரும் இவ்வகையினதே. அதன் அடிப்படை அமைப்பு அதிகம் மாறாமையால், சிற்றூர் மெக்கானிக்கும் அதனைச் செப்பனிட முடிந்தது.

இப்பண்பு குறைந்துவரக் காரணங்கள் பல. 1924ஆம் ஆண்டில் உலகின் முன்னணி மின்விளக்கு நிறுவனங்கள் ஜெனீவாவில் கூட்டமைப்பு ஒன்றை நிறுவி, விளக்கின் ஆயுளை 1,000 மணி நேரத்துக்குள் கட்டுப்படுத்த உடன்பட்டமை, ஆயுளைத் திட்டமிட்டே குறைத்ததற்குச் சான்றாகும். எனினும் எல்லாவற்றையும் இத்தகைய உடன்பாடுகளின் விளைவு எனக் கொள்வது பொருந்தாது. பேரளவு உற்பத்தியால் புதுப் பொருளின் விலை இறங்குகிறது. பழுதுபார்க்கும் கூலியோ ஏறுகிறது. எடை குறைப்பதற்காகவும் நீர் புகாமல் காப்பதற்காகவும் உறுப்புகள் பசையாலும் பற்றவைப்பாலும் இணைக்கப்படுகின்றன. பழுதைக் கண்டறியும் மென்பொருள் உற்பத்தியாளரிடமே இருந்துவிடுகிறது.

மின்வாகனத்தின் இருமுகத் தன்மை

அமைப்பளவில் மின்வாகனம் நெடுநாள் உழைக்கத் தக்கது. பிஸ்டன், வால்வு, கிளட்ச், புகைபோக்கி ஆகியவை இதில் இல்லை; எஞ்சின் எண்ணெய் மாற்றும் வேலையும் இல்லை. ஆயின் விலையில் பெரும்பங்கு பெறும் மின்கலத் தொகுதியே அதன் ஆயுளுக்கும் எல்லை வகுக்கிறது. நூற்றுக்கணக்கான சிறு மின்கலங்கள் பற்றவைக்கப்பட்டு உறையிடப்பட்ட ஒரு தொகுதியில், சில மட்டும் நலிந்தாலும் முழுத் தொகுதியையும் மாற்ற நேரிடலாம். லித்தியம் மின்கலம் பயன்படுத்தாதபோதும் மூப்படையும். வெப்பமும், எப்போதும் முழுமையாக மின்னேற்றி வைக்கும் வழக்கமும் அம்மூப்பை விரைவாக்கும். உப்புக் காற்றும் ஈரப்பதமும் இணைப்பு முனைகளை அரிக்கும். தீவுகளின் தட்பவெப்பம் இவை யாவும் கூடியதாகும்.

பழுதுற்ற மின்கலத்தை அனுப்புவதும் எளிதன்று. சேதமுற்றதும் தீப்பற்றும் அபாயமுள்ளதுமான லித்தியம் மின்கலங்களை விமானத்தில் ஏற்றப் பன்னாட்டு விதிகள் தடை செய்கின்றன. கப்பலிலும் அவை அபாயச் சரக்காகவே கருதப்படும். எனவே, பெருநிலத்தில் ஒரு வாரத்தில் முடியும் வேலைக்காகத் தீவில் வாகனம் பல வாரங்கள் முடங்கக்கூடும். பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காடாக உள்ள இத்தீவுகளில் மின்கலக் கழிவைத் தேக்கிவைக்கவும் இடமில்லை.

மின்சாரத்தின் மூலமும் கருதத் தக்கது. தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசல் மின்னாக்கிகளிலிருந்து வருவது. அத்தகைய மின்சாரத்தில் ஓடும் வாகனம் தெருவில் புகை கக்காவிடினும், புகை மின்நிலையத்துக்கு இடம் மாறுகிறது. மின்கலத்தை உருவாக்கச் செலவான ஆற்றலுக்கு ஈடான பயன் கிடைக்க வேண்டுமாயின், வாகனம் பல்லாண்டு ஓட வேண்டும். சூரிய மின்சாரமும் பெருக வேண்டும். தெற்கு அந்தமானில் என்.எல்.சி. இந்தியா நிறுவனம் அமைத்த, மின்கலச் சேமிப்புடன் கூடிய 20 மெகாவாட் சூரிய மின்நிலையம் இத்திசையில் ஒரு படியாகும். வாகனத்துக்குப் போதாத அளவுக்குத் திறன் குறைந்த மின்கலங்களைச் சோதித்துப் பிரித்தெடுத்தால், இத்தகைய சேமிப்புப் பணிக்கு மேலும் சில ஆண்டு பயன்படுத்தலாம். அதற்கும் அவை பிரிக்கத் தக்கவையாக இருத்தல் வேண்டும்.

சட்டமும் கொள்முதலும்

நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை குறித்துக் குழு அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், நீடித்துழைக்கும் நுகர்பொருள்கள், மோட்டார் வாகனங்கள் என்னும் நான்கு துறைகள் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் இதற்கான இணையத்தளமும் தொடங்கப்பட்டது. 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய மின்கலங்களைத் திரட்டி மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளரிடம் ஒப்படைத்துள்ளன. புதுப்பித்துப் பயன்படுத்தவும் அவை வழி வகுக்கின்றன. பிரான்சு நாடு 2021 ஜனவரி முதல் கைப்பேசி, சலவை இயந்திரம் போன்ற சில பொருள்களின் பழுதுபார்ப்பு எளிமையை மதிப்பெண்ணாகக் குறிக்கச் செய்தது.

ஆயினும் தீவுகளின் சிறிய சந்தைக்காக உற்பத்தியாளர் தாமாகவே ஏற்பாடுகள் செய்வர் என எதிர்பார்க்க இயலாது. அரசின் கொள்முதலே இங்கு வலுவான கருவி. என்.டி.பி.சி.யின் துணை நிறுவனமான என்.வி.வி.என். வாயிலாகத் தீவு நிருவாகத்துக்கு 40 மின்பேருந்துகள் கிடைத்தமை, பொதுத்துறை இச்சந்தையில் வகிக்கும் இடத்தைக் காட்டும்.

விலை ஒப்பீட்டில் கவனம் தேவை. ஒரு வாகனத்தின் விலை 100 அலகு, ஆயுள் 6 ஆண்டு எனக் கொள்க. மற்றொன்றின் விலை 120 அலகு. 20 அலகு பழுதுபார்ப்புச் செலவில் அது 12 ஆண்டு ஓடும். முன்னதன் ஆண்டுச் செலவு 16.7 அலகு, பின்னதன் செலவு 11.7 அலகே. கொள்முதல் விலையை மட்டும் நோக்கும் ஒப்பந்தப்புள்ளி முன்னதையே தெரிவு செய்யும். 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும், பழையதைத் திரும்பக் கொடுத்துப் புதியதை வாங்கும் முறைக்கும் இடமளிக்கின்றன. அவ்விதிகளுக்குட்பட்டுப் பின்வரும் நிபந்தனைகளைச் சேர்க்கலாம்:

1. மின்கலத் தொகுதி பகுதி பகுதியாக மாற்றத் தக்கதாயிருத்தல்.
2. குறித்த ஆண்டுகளுக்கு உதிரிப் பாகங்களைத் தீவிலேயே இருப்பு வைத்தல்.
3. பழுதறியும் மென்பொருளையும் கையேட்டையும் உள்ளூர்ப் பணிமனைக்கு வழங்குதல்.
4. ஆயுள் முடிந்த மின்கலத்தை உற்பத்தியாளர் தம் செலவில் கப்பலேற்றித் திரும்பப் பெறுதல்.

உயர் மின்னழுத்தம் கொண்ட மின்கலத்தைப் பயிற்சியற்றோர் திறப்பது ஆபத்து என்னும் உற்பத்தியாளர் வாதம் ஏற்கத் தக்கதே. 2022இல் இருசக்கர மின்வாகனங்கள் சில தீப்பற்றியதை அடுத்துப் பாதுகாப்புத் தரங்கள் கடுமையாக்கப்பட்டன. ஆனால் இவ்வாதம் பயிற்சியின் தேவையை வலியுறுத்துமேயன்றி, பழுதுபார்ப்பை விலக்குவதற்குக் காரணமாகாது. ஸ்ரீ விஜயபுரத்தின் டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் தொழில்நுட்ப நிறுவனமும் தொழிற்பயிற்சி நிலையமும் இப்பயிற்சியை அளித்தால், தீவு இளைஞர்க்கு உள்ளூரிலேயே வேலைவாய்ப்பும் உண்டாகும்.

மின்வாகனத் திட்டத்தின் வெற்றியை, வாங்கிய வாகனங்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளத்தல் போதாது. பத்தாண்டுக்குப் பின் அவற்றுள் எத்தனை ஓடுகின்றன என்பதே உண்மையான அளவுகோல். அவ்விடையின் பெரும்பகுதி, ஒப்பந்தப்புள்ளி எழுதப்படும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.