முதலில் எண்ணெய், பிறகுதான் சாவி

அப்பாவின் மாருதி 800 ஐந்து ஆண்டுகளாகப் பின்கட்டு ஷெட்டிலேயே நின்றுவிட்டது. புதுப் பேட்டரி போட்டு ஒரு செல்ஃப் அடித்தால் கிளம்பிவிடும் என்றுதான் நினைத்தேன். மெக்கானிக் தடுத்தார். “பேட்டரியே இப்ப வேணாம் சார். பானட்டைத் திறங்க.”

ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் தேங்காய் நாரும் செய்தித்தாள் துணுக்குகளுமாக எலிக்கூடு. ஒரு ஒயரின் தோலை எலி கடித்திருந்தது. உள்ளே செம்பு பளபளத்தது. அப்போதே கரண்ட் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

எலியைவிடப் பெரிய ஆபத்து இன்ஜினுக்குள் இருக்கிறது. நாள்பட நிற்கும் வண்டியில் எண்ணெய் முழுக்க அடியில் சம்ப்புக்கு வடிந்துவிடும். வறண்ட சிலிண்டர் சுவரில் ஈரக்காற்று பட்டு மெல்லிய துரு பூக்கும். அந்த நேரத்தில் சாவியைத் திருகினால், பம்பு எண்ணெயை மேலே ஏற்றும் முன்பே பிஸ்டன் வளையங்கள் சுவரைக் கீறிவிடும். பல ஆண்டுகள் ஓடித் தேய வேண்டிய தேய்மானம் சில நொடிகளில் நடந்துவிடலாம்.

அதனால் மெக்கானிக் மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, ஓர் இரவு ஊறவிட்டார். மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனரைப் பொருத்தினார். முதலில் அசையவில்லை. அவர் பலத்தைக் காட்டவில்லை; இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் காத்திருந்தார். மதியம் ‘களுக்’ என்று ஒரு சத்தம். புல்லி அரை அங்குலம் நகர்ந்தது. பிறகு இன்ஜின் ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று.

டேங்கில் கிடந்த பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறியது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் ஹோஸ்களுக்கும் ஆகாது. முழுவதையும் வடித்தோம். ஹோஸ், ஆயில், ஃபில்டர், டைமிங் பெல்ட் எல்லாம் புதிது.

எலி கடித்த ஒயரைச் சரிசெய்த பிறகுதான் புதுப் பேட்டரியை மாட்டினார். பிளக் இல்லாமல், காயில் ஒயரைப் பிடுங்கிவிட்டு, விட்டுவிட்டுச் செல்ஃப் அடித்தார். டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு அணைந்தது. எண்ணெய் மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகே பிளக்கை மாட்டினார். வண்டியைத் தள்ளி வெட்டவெளிக்குக் கொண்டு வந்தோம். மூடிய ஷெட்டில் ஸ்டார்ட் செய்யவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, ஆளையே கொன்றுவிடும்.

மூன்றாவது முயற்சியில் இன்ஜின் பிடித்தது. நீலப் புகை குபுகுபுவென்று வந்தது. நாம் ஊற்றிய எண்ணெய்தான் எரிகிறது, ஆக்ஸிலேட்டரைத் தொடாதீர்கள் என்றார் மெக்கானிக். ஐந்து நிமிடத்தில் புகை மெலிந்து, மூன்று சிலிண்டரின் அந்தப் பழைய துடிப்பு கேட்டது. அப்பா வாசலுக்கு வந்து, ஒரு ரவுண்டு போகலாமா என்று கேட்டார்.

போகவில்லை. பிரேக்கை மிதித்தால் மிதி தரைவரை இறங்கியது.