துப்பாக்கியும் உரிமமும்

பென்னாகரம் வட்டத்தில் நான் ஆசிரியப் பணியாற்றிய நாளில், காட்டுப்பன்றியை வெருட்டப் பரணில் வைத்திருந்த உரிமமில்லா நாட்டுத் துப்பாக்கி வெடித்து, என் மாணாக்கன் ஒருவன் இரு விரல்களை இழந்தான்.

1878-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் இந்தியர் உரிமம் பெறவேண்டுமென விதித்தது. ஐரோப்பியர்க்கோ அன்றைய ஆட்சி விலக்களித்தது. விடுதலை பெற்ற நாடு 1959-இல் புதுச் சட்டம் இயற்றியது. 2019-இல் அதனைத் திருத்த முற்பட்டோர், உரிமம் பெற்ற ஒருவர் 3 துப்பாக்கிகள் வைத்திருக்கலாம் என்றிருந்ததை ஒன்றாகக் குறைக்க முன்மொழிந்தனர். நிறைவேறியபோது 2 என நின்றது.

எண்ணிக்கை குறைந்தது நன்றே. ஆயினும் அச்சிறுவன் கையைச் சிதைத்தது எந்த ஏட்டிலும் ஏறாத துப்பாக்கியன்றோ? உங்கள் இல்லத்தில் அத்தகையது இருப்பின் தொடாதீர்கள்; பெரியோரிடம் எடுத்துரைத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் செய்யுங்கள்.