காட்டுப்பூவரசை வரைவது எப்படி?

போனிலேயே இவ்வளவு துல்லியமாகப் படம் விழுகிறதே, மரத்தை இன்னும் கையால் வரைவானேன் என்று கேட்டீர்கள். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். நீலகிரியின் காட்டுப்பூவரசை வைத்தே சொல்கிறேன்.

சோலை ஓரத்திலும் புல்வெளியிலும் நிற்கிற மரம் அது. தடித்து வெடித்த பட்டை, கிளை நுனியில் கொத்துக்கொத்தாகச் சிவப்புப் பூ. கேமரா அந்தச் சிவப்பை அள்ளி வந்துவிடும். இனத்தைக் கண்டறிய வேண்டியவருக்கு அது போதாது. இலையைத் திருப்பி அடிப்பக்கத்து ரோமத்தைப் பார்க்க வேண்டும். பூவை நெடுக்காகப் பிளந்து மகரந்தத் தாள்களை எண்ண வேண்டும். இதில் பத்து இருக்கும். சூலகத்தைக் குறுக்கே வெட்டி அறைகளைப் பார்க்க வேண்டும். காயோ பூ உதிர்ந்து மாதங்கள் கழித்துத்தான் முற்றும். ஓவியர் அந்தந்தப் பருவத்தில் வரைந்து எல்லாவற்றையும் ஒரே தாளில் சேர்த்துவிடுகிறார்.

பறித்த பூ சீக்கிரம் வாடும் என்பதால் முதலில் பூ. கவராயத்தால் அளந்து, கிளையை உள்ள அளவிலேயே பென்சிலில் போடுவார்கள். ஒரு இலையையாவது திருப்பிக் காட்டியாக வேண்டும். நுண்ணிய பாகங்களைப் பெரிதாக்கி, பக்கத்தில் அளவுகோல் வரைவார்கள். நிழலுக்குப் பெரும்பாலும் மைப்புள்ளிகள்தான்: கோடு இழுத்தால் பார்ப்பவர் அதை இலை நரம்பு என்று எண்ணிவிடலாம். வெளிச்சம் இடப்பக்க மேல்மூலையிலிருந்து விழுவதாக வைப்பது மரபு. இத்தனையும் நெருக்கடி இல்லாமல் தாளில் அமர வேண்டும். பாகங்களை எங்கே வைப்பது, எவ்வளவு வெள்ளை விடுவது என்பதில்தான் ஓவியரின் கை தெரியும் என்பேன்.

இந்தக் கலை நம் பக்கத்தில் நன்றாக வேரூன்றியது. மதராஸ் மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தாவரப் படநூலில் 2,101 படங்கள். நீலகிரித் தாவரங்களுக்கென்றே வண்ணப்படங்களோடு தனி நூலும் கொண்டுவந்தார். அவருக்கு வரைந்தவர்களில் முதன்மையானவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இருவர். பல படங்களின் அடியில் அவர்கள் பெயரையும் அச்சிட்டிருக்கிறார் வைட். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரைச் சூட்டினார். இந்தியர் வரைந்த எத்தனையோ தாவரப் படங்களில் வரைந்தவர் பெயரே இல்லாத காலம் அது. ரங்கையாவும் கோவிந்துவும் வரைந்த படங்களை இன்று எடுத்து அச்சிடுகிறவர்கள் வைட்டின் பெயரோடு இந்த இரண்டு பெயர்களையும் கட்டாயம் போட வேண்டும்.